பழுது பார்த்தவர் முதலில்

பழுதாகிக் கிடந்த எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் நேற்று ஓடத் தொடங்கியது. மறுநாள் ஆயுத பூஜை. வாட்ச்மேன் எங்கள் மாடியில் அதன் கதவுக்குச் சந்தனம் வைத்து, மங்கிய இரும்புச் சட்டத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "ஏறுங்க சார், ரெடி" என்றார் மெக்கானிக். எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் என் கால் பின்வாங்கியது. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கருமத்தம்பட்டிக்கு உள்ளே தள்ளி, பழைய கிரேன்களைப் புதுப்பிக்கும் ஷெட்டில் நான் ஸ்டோர் கீப்பர். போல்ட்டுகளை அளவுவாரியாக, தலையெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்குவேன். "உனக்குப் பொண்ணு பாக்கப் போனா போல்ட்டையும் எடுத்துட்டுப் போவியா கண்ணு?" என்பார் பஷீர் பாய். கோவை கோட்டைமேட்டுக்காரர், பிரேக்கும் கம்பிக்கயிறும் அவர் பொறுப்பு.

ஒரு கவுண்டர் தன் கிணற்றை ஆழப்படுத்துவதற்காக, குவாரியில் துருவேறிக் கிடந்த கிரேன் ஒன்றை வாங்கினார். அதற்கு உயிர் கொடுத்தவர் பாய். கிணற்றுக் கிரேனுக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்தவர்தான் அதன் பக்கெட்டில் நின்று முதலில் கிணற்றுக்குள் இறங்க வேண்டும். அவர் திரும்பி வந்த பிறகே கிணறு வெட்டுகிறவர்கள் அதில் கால் வைப்பார்கள்.

அதற்கும் ஆயுத பூஜை நாளைத்தான் குறித்தார்கள். ஆப்பரேட்டர் பழனிச்சாமி விடியலிலேயே கிரேனைக் கழுவி, துடைத்து, மாலை போட்டிருந்தான். காந்திபுரத்தில் பஸ் கிடைக்காமல் பாய் வந்து சேர்ந்தபோது பூசை முடிந்திருந்தது.

"எப்படி மினுங்குது பாருங்க பாய்!"

"மினுங்கட்டும், மினுங்கட்டும். உனக்கே கட்டி வெச்சிரலாம்."

பாய் பக்கெட்டில் ஏறினார். "ஏனுங்க பாய், அடியில தண்ணி தெரிஞ்சா ஒரு சத்தங் குடுங்க" என்றார் கவுண்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கெட் கண்ணிலிருந்து மறைந்தது. அப்போதுதான் அந்த வாசனை. யார் வீட்டிலோ பலகாரம் சுடுகிறார்கள் என்று நினைத்தேன். அக்கம்பக்கத்தில் வீடே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

பழனி பிரேக்கை முழுதாக மிதித்திருந்தான். கயிறு ஒரு முழம் இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. அவன் இருக்கையை விட்டு எழுந்து, மொத்த உடம்பையும் மிதியில் ஏற்றினான். கயிறு இறங்கிக்கொண்டே இருந்தது.

கிணற்றுக்குள்ளிருந்து பாயின் குரல் வந்தது. அதில் பதற்றமே இல்லை. "பழனி, டிரம்முல என்ன பூசுனே?"

"எண்ணெய்ங்க பாய்... பூசைக்குங்க..."

"மிதிய உட்றாத. டிரம்முல மண்ணள்ளிப் போடச் சொல்லு."

நானும் கவுண்டரும் காய்ந்த மண்ணை அள்ளி அள்ளி, பிரேக் பிடிக்கும் உருளையான டிரம்மின்மேல் வீசினோம். இரும்பு வீறிட்டது. கயிறு வெடுக்கென்று நின்றது. கிணற்றுச் சுவரின் கல்படிகளைப் பற்றி ஏறி வந்த பாயின் முழங்கையில் ரத்தம்.

அவர் யாரையும் திட்டவில்லை. டிரம்மை மண்ணெண்ணெயால் கழுவி, அதை இறுக்கிப் பிடிக்கும், எண்ணெய் குடித்த பிரேக் லைனிங்கைக் கழற்றிப் புதிது மாட்டினார். பிறகு பக்கெட்டை நோக்கி நடந்தார்.

"வேண்டாங்க பாய். என்னால மிதிக்க முடியாதுங்க" என்று பழனி அழுதான்.

"நீதான் மிதிக்கோணும். அவங்க பாத்துட்டு நிக்கறாங்கல்ல?"

கிணறு வெட்டுகிறவர்கள் விளிம்பில் நின்றார்கள். பாய் இறங்கினார். பழனிதான் மிதித்தான். அடித்தரையைத் தொட்டுவிட்டு மேலே வந்தவர், "இனி ஏறலாங்க" என்று மட்டும் சொன்னார். அன்றோடு வேலையை விட்ட பழனி பிறகு தலைக்குக்கூட எண்ணெய் வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அந்தக் கிணற்றை மூடி வீட்டு சைட் போட்டுவிட்டார்கள். கிரேனை வெட்டி இரும்புக்கு எடைபோட்டார்கள். பாயும் இல்லை.

லிஃப்ட் மெக்கானிக்கிடம், "நீங்க முதல்ல ஒரு தடவை கீழ போயிட்டு வாங்களேன்" என்றேன்.

"எனக்குப் படிதான் சார் பழக்கம்" என்று சிரித்தபடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் படியிறங்கினார்.

லிஃப்டின் கதவு எனக்காகத் திறந்தே இருந்தது.