டி-1 படத்தில் இருந்தவர்

மாரிசெல்வத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அவர் செய்த தப்பை டைப் அடித்தவள் நான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் பேட்டன்ட் ஏஜென்ட். பெயர் வெங்கடேஸ்வரி. ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அது அவருடையதுதான் என்று அரசாங்கத்திடம் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் எழுதித் தருவது என் பிழைப்பு. அந்த விண்ணப்பத்தைச் சென்னையில் ஒரு பரிசோதகர் படிப்பார். உலகத்தில் எங்காவது யாராவது இதை முன்பே செய்து வெளியே காட்டியிருக்கிறார்களா என்று தேடுவார். ஒரு பழைய படம் அகப்பட்டாலும் போதும், கண்டுபிடித்தவரே காட்டியிருந்தாலும் சரி, விண்ணப்பம் படுத்துவிடும். நம் ஆட்களுக்கு இது மட்டும் மண்டையில் ஏறாது. புதிதாக எதையாவது செய்தால் முதலில் சாமிக்குக் காட்டுவார்கள், அப்புறம் சொந்தக்காரர்களுக்கு, அப்புறம் வாட்ஸப்பில். ஊரே பார்த்து முடித்த பிறகு என்னிடம் வந்து, கதவைச் சாத்திவிட்டு, ரகசியமாகப் பேசுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாரிசெல்வம் ராஜபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். நாற்பது வயது இருக்கும். பத்து வார்த்தை வேண்டிய இடத்தில் மூன்று பேசுவார். 2022-ல், ஆடிக்காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்த ஒரு நாள், ஒரு ஸ்கூட்டர் சக்கரத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். பேட்டரி வண்டிச் சக்கரம். மோட்டார் தனியாக இல்லாமல் சக்கரத்தின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் வகை.

"மழைக்காலத்துல இது ஏன் செத்துப்போகுதுன்னு தெரியுமாக்கா?" என்றார்.

தெரியாது என்றேன்.

"ஓடுனா சூடாகும். சூடானா உள்ள இருக்க காத்து வெளிய போயிரும். பொறவு மழைத்தண்ணியில நிக்கும்போது குளுரும். குளுந்தா மூச்ச உள்ள இழுக்கும். கூடவே தண்ணியும் போயிரும். எம்புட்டு இறுக்கி மூடுனாலும் போகும்."

அதற்கு அவர் கண்ட வழி ஒரு மெல்லிய குழாய். சக்கரத்தின் அச்சுக்குள் புகுந்து வெளியே வந்து, சீட்டுக்கு அடியில் நனையாத இடத்தில் போய் முடியும். சக்கரம் அங்கிருந்து மூச்சு வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான். இத்தனை எளிமையாக ஒன்றைக் கேட்டால் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். காப்புரிமை கிடைத்தால் சக்கரத்தைச் செய்ய ஒரு கோயம்புத்தூர் கம்பெனி தயாராக இருப்பதாகச் சொன்னார்.

"கண்டுபிடிச்சதுல வேற யாருக்கும் பங்கு உண்டா?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

அவர் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு சாக்கைப் பார்த்தார். "இல்லக்கா."

பதினேழு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் இருந்தது. ஆனாலும் ஒரு பெயரைத்தான் டைப் அடித்தேன்.

படம் வரைய அளவெடுப்பதற்காக அவருடைய கடைக்குப் போனேன். உள்ளே இரண்டு ஸ்டூல்கள் எதிரெதிரே கிடந்தன. ஒன்றில் உட்காரப் போனபோது, "அதுல வேணாம்க்கா, அது ஞானராஜ் அண்ணனோடது" என்றார். பதினான்கு வருஷம் இருவரும் கூட்டாக நடத்திய கடை. ஞானராஜ் 2021 மே மாதம் கொரோனாவில் இறந்துபோனார். வேலை முடிந்த மோட்டாரின் மேல் ஸ்குரூ டிரைவரை ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதில் வைத்து, உள்ளே பேரிங் எப்படிப் பேசுகிறது என்று கேட்பாராம். அந்த ஸ்குரூ டிரைவர் ஆணியில் தொங்கியது. கடைக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. எந்த மோட்டாரையும் மூடுவதற்கு முன், மூடியின் உள்பக்கம் எத்தனை சுற்று, என்ன கம்பி, என்ன தேதி, யார் கட்டியது என்று எழுதிவிட்டுத்தான் மூடுவார்கள். அடுத்து திறக்கிறவன் திண்டாடக் கூடாது, தப்பு இருந்தால் யாரைத் திட்டுவது என்றும் அவனுக்குத் தெரிய வேண்டும் என்பது ஞானராஜின் கணக்கு.

அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது, ஸ்டாண்டில் மாட்டியிருந்த சக்கரம் மெதுவாகக் கால்வட்டம் திரும்பி நின்றது. கரண்ட் இல்லை. ஒயரும் மாட்டியிருக்கவில்லை.

"காத்தா இருக்கும்" என்றேன்.

"உள்ள காந்தம் புடிச்சிருக்குக்கா. கையால தள்ளுனாத்தான் சுத்தும்." அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "அப்பப்போ இப்படித்தான்."

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்று மீதி அளவுகளை வீட்டில் உத்தேசமாகப் போட்டுக்கொண்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பரிசோதகரின் அறிக்கை வந்தது. முன்பே வெளியான ஆவணங்களுக்கு டி-1, டி-2 என்று பெயர் வைத்திருப்பார்கள். இதில் டி-1 மட்டும்தான். ஜெர்மன் கம்பெனியோ சீனாக் கம்பெனியோ அல்ல. செட்டியார்பட்டிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபை ஒன்று 2019-ல் போட்டு, இணையத்திலும் ஏற்றியிருந்த அறுப்பின் பண்டிகை மலர். அதில் ஒரு புகைப்படம். மூன்று சக்கர வண்டியின் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். "சகோ. ஞானராஜ் படைத்த முதற்பலன்: மின்சாரச் சக்கர வண்டி" என்று கீழே அச்சாகியிருந்தது. விளைச்சலில் முதலாவதை ஆண்டவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள் வழக்கம். நெல் விளைத்தவர் நெல்லும், கோழி வளர்ப்பவர் கோழியும் கொடுப்பார்கள், சபையில் ஏலம் விடுவார்கள். ஞானராஜ் தான் செய்த முதல் சக்கரத்தைக் கொடுத்திருக்கிறார். அச்சிலிருந்து சீட்டுக்கு ஏறும் ஒரு வெள்ளைக் கோட்டின் மேல் பரிசோதகர் சிவப்பு அம்பு போட்டு, இதுவும் அதே வேலையைத்தானே செய்கிறது, ஆறு மாதத்துக்குள் விளக்கம் தரவும் என்று கேட்டிருந்தார்.

மாரிசெல்வத்தை வரவழைத்துத் திரையைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். சிரிக்கிற அந்த முகம் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றேன். "அந்தக் குழாய் வெறும் ஒயர் போறதுக்கு, மூச்சுக்கு இல்லைன்னு எழுதிடலாம். படத்துல உள்ளே தெரியல. யாராலும் இல்லைன்னு சொல்ல முடியாது."

"அண்ணன் செஞ்சது ஒன்னுத்துக்கும் ஆகாததுன்னு எழுதணும்."

"அப்படி நேரா எழுத மாட்டேன்."

அவர் அழ ஆரம்பித்தார். நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்த படத்தை ஞானராஜின் மகள் எலினா அனுப்பினாளாம். அதைப் பார்த்த பிறகுதான் சக்கரத்துக்குக் குழாய் வைக்கிற யோசனை வந்தது என்று இத்தனை நாள் நம்பியிருக்கிறார்.

"இந்தப் படத்துல அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே குழாய் இருக்கேக்கா. அப்ப நான் அண்ணங்கிட்ட திருடிட்டு, எனக்கே தெரியாம இருக்கனா?"

"அந்த வண்டிய நீங்க பார்த்ததே இல்லையா?"

"காயில் மட்டும் நான் கட்டிக் குடுத்தேன். அந்த வாரம் கான்சாபுரத்துல எங்கம்மாவுக்குக் காரியம். அண்ணனே மாட்டி மூடிக் கொண்டுபோய்க் குடுத்துட்டாரு. பொறவு மில்லு வேலை, ஊரடங்கு. சக்கரத்தப் பத்திப் பேசவே இல்ல."

"அப்போ அவர் பேரை ஏன் விட்டீங்க?" என்று அதட்டினேன். அதட்ட எனக்கு என்ன யோக்கியதை என்பது வேறு விஷயம்.

"சக்கரம் ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுதான். ஆனா பேரு போட்டா மதினிகிட்ட கையெழுத்துக்குப் போகணும். அண்ணன் அடக்கத்துக்கே நான் போகலக்கா. நோய்க்குப் பயந்துகிட்டு ஷட்டர இழுத்து மூடிட்டு உள்ளயே இருந்தேன். எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?"

அந்த வண்டியை ஏலத்தில் எடுத்தவர் சுந்தரபாண்டியத்தில் இருக்கிறார் என்று சபையில் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். தங்கச்சாமி, ஒரு கால் சரியாக வராத விவசாயி. நாங்கள் போன அன்று ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அந்த வண்டியிலேயே வயலிலிருந்து வந்து இறங்கினார், சக்கரத்தில் அச்சு வரைக்கும் சேறு.

"அஞ்சு வருஷமா வாய்க்காலுக்குள்ள விட்டு ஓட்டுதேன். ஒரு நாள் நின்னதில்ல" என்றார். "தொறந்து பாக்கணுமா? தொறந்துக்கோ. ஆனா பழையபடி மாட்டிக் குடுத்துட்டுத்தாம்லே போகணும்."

மாரிசெல்வம் ஞானராஜின் ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்திருந்தார். திறப்பதற்கு முன்னால் அதை அச்சில் ஊன்றிக் காதில் வைத்தார். அவர் முகம் மாறியது. என்னிடம் நீட்டினார். நானும் கேட்டேன். சூடு தணிந்துகொண்டிருந்த சக்கரத்துக்குள், தூங்குகிறவர் மூச்சைப் போல ஒன்று மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.

போல்ட்டுகளைக் கழற்றினார். மூடி வந்தது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. குழாய் இருந்தது. ஒயருக்கான வழி தனியாக வேறு பக்கம் போனது. மூச்சுக்குழாய்தான், சந்தேகமே இல்லை.

மூடியைத் திருப்பினார். உள்பக்கத்தில் சுற்றுக் கணக்கு, கம்பி அளவு, 4-10-2019. அதற்குக் கீழே, ஒரு எழுத்துகூட அழியாமல்:

"காயில் – மாரி. மாட்டினது – ஞானராஜ். மூச்சுக்குழாய் – மாரி யோசனை."

மாரிசெல்வம் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "புரோட்டாக் கடையில சும்மா சொன்னேன்" என்றார். "சாப்புட்டுக்கிட்டு இருக்கும்போது, வாய்க்கு வந்தத. நானே மறந்துட்டேன். அண்ணன் மறக்கல."

நான் வேலையின் புத்தியில்தான் அப்போதும் இருந்தேன். யோசனை அவருடையது என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடையாது. ஆனால் இதே எழுத்துதான், இந்தக் குழாய் 2019-லேயே ஊருக்கு முன்னால் வந்துவிட்டது என்பதற்கும் சாட்சி. காட்டினால் அவர் திருடர் இல்லை, காப்புரிமையும் இல்லை. மூடிவிட்டால் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டையும் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

அவர் மூடியைப் படம் எடுத்துக்கொண்டு, பழையபடி மாட்டினார். "மதினி வீட்டுக்குப் போவோம்க்கா. அண்ணன் பேரச் சேக்கணும்."

"தோக்கப்போற விண்ணப்பத்துலயா? கோயம்புத்தூர்க்காரன் போயிடுவான், தெரியுமில்லையா?"

"போகட்டும்."

செட்டியார்பட்டியில் ஞானராஜின் மனைவி ஏசம்மாள் வாசலுக்கு வந்து, மாரிசெல்வத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே போய் உட்கார்ந்தோம். போனில் மூடியின் படத்தைக் காட்டினார் மாரிசெல்வம். ஏசம்மாள் அதை விரலால் பெரிதாக்கிப் புருஷன் கையெழுத்தைத் தடவினார்.

"அடக்கத்துக்கு எட்டுப் பேருதான் வந்தாவ" என்றார். "ஒம்பதாவது ஆளா நீங்க வருவியன்னு கல்லறைத் தோட்டத்துக் கேட்டையே பாத்துக்கிட்டு நின்னேன் தம்பி."

"பயந்துட்டேன் மதினி."

"உங்க அண்ணனும் பயந்துக்கிட்டேதான் போனாவ."

பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினார். கண்டுபிடித்தவராக ஞானராஜின் பெயரையும் சேர்க்கக் கோரும் மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதிலில் நான் உண்மையை எழுதினேன். டி-1 படத்தில் இருப்பது மூச்சுக்குழாயே என்று ஒப்புக்கொண்டு, மூடியின் படத்தையும் இணைத்தேன். என் வாழ்நாளில் கட்சிக்காரருக்கு எதிராக நான் எழுதிய ஒரே பதில் அது.

வீடியோவில் விசாரணை வைத்தார்கள். அதிகாரி பொறுமையாகப் படித்துவிட்டு, "விண்ணப்பத்தை நிராகரிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அப்புறம் இந்தப் பெயரைச் சேர்த்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாரிசெல்வம் சொன்னார்: "மூடுறதுக்கு முன்னாடி பேரு எழுதணும் சார்."

பெயரைச் சேர்த்தார்கள். சேர்த்துவிட்டு நிராகரித்தார்கள். கோயம்புத்தூர் கம்பெனியிடமிருந்து அதற்குப் பிறகு போன் வரவில்லை.

போன மாதம் ராஜபாளையம் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். எதிரெதிரே கிடந்த ஸ்டூல்கள் இப்போது பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஏதோ மில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டில் சக்கரம் அசையாமல் நின்றது.

"இப்போ சுத்துறதில்லையா? அவர் போயிட்டாரா?" என்று கேட்டேன். விளையாட்டாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"எங்க போறாரு" என்றார் மாரிசெல்வம். கம்பியிலிருந்து கையை எடுக்காமல், காலியான ஸ்டூல் பக்கம் தலையை மட்டும் சாய்த்தார். "முன்ன எதுக்க உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. இப்ப பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு."