ஆசிட் ரூமில் கடப்பாக் கல்

மேனேஜர் சென்னியப்பன் இறந்த செய்தி ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான் எதுவும் போடவில்லை. ஏனென்று அவரோடு வேலை பார்த்த உங்களில் சிலருக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த எங்கள் சாயப்பட்டறையின் லேப் என் பொறுப்பில் இருந்தது. ஆசிட் கேன்கள் வைக்கும் ரூமுக்குத் தரை போடச் சென்னியப்பன் கடப்பாக் கல்லை இறக்கினார். "கிரானைட்டுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லீங்க" என்று முதலாளியிடமும் சொல்லிவிட்டார். கருப்பாக இருப்பதெல்லாம் கிரானைட் ஆகிவிடுமா? கடப்பாக் கல்லின் உடைந்த ஓரத்தைப் பார்த்தாலே அடுக்கு அடுக்காகத் தெரியும். எந்தக் காலத்திலோ கடலடியில் சேறாகப் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் அது. கத்தியால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். கிரானைட்டில் கத்திதான் மழுங்கும். எல்லோர் முன்னாலும் அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டேன். சோடா போலப் பொங்கியது.

"கல்லுன்னா கல்லுதான் கண்ணு. நீ சாயத்தப் பாரு, தரைய நான் பாத்துக்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் அன்று சிரித்தீர்கள்.

கசிந்த ஆசிட் தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஒருநாள் கேன்கள் வைத்திருந்த ஸ்டாண்டின் கால் குழியில் இறங்க, கேன் சரிந்து, ஆசிட் எடுக்க வந்த லேப் உதவியாளர் செல்வியின் பாதத்தில் கொட்டியது. "செருப்புப் போடாம வந்தா இப்படித்தானுங்க ஆகும்" என்றார் சென்னியப்பன் முதலாளியிடம். செல்வி செருப்புப் போட்டிருந்தாள். வெந்த செருப்பை அவள் காலிலிருந்து கழற்றியவள் நான். இன்றும் அவள் விந்தி விந்தித்தான் நடக்கிறாள்.

நல்ல மனிதர் என்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி முடியும்வரை நின்று பார்த்தவர்தான். செல்வி வீட்டுப் பக்கம் மட்டும் அவர் எட்டிப் பார்க்கவில்லை. நான் மன்னிக்கவில்லை.

காரியத்துக்குப் போனேன். சமாதியில் பதிக்க அவர் பெயர் வெட்டிய கருப்புக் கல்லை வாசலில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஓரமெல்லாம் அடுக்கு அடுக்காக இருந்தது. மகனைத் தனியே கூப்பிட்டேன்.

"தம்பி, இது கிரானைட் இல்லீங்க, கடப்பா. புளிப்புப் பட்டா அரிச்சுப்போயிரும்."

"கல்லுன்னா கல்லுதானுங்கக்கா" என்றார் அவர்.

குழி விழுந்த அந்தத் தரையின் ஒரு துண்டு என் மேசையில் இருக்கிறது. சென்னியப்பன் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான். அமாவாசைக்கு அமாவாசை சமாதிக்குத் தயிரும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி அபிஷேகம் செய்யப் போகிறார்களாம். நான் சொல்லிவிட்டேன், இரண்டு தடவையும்.