அண்ணன் போட்ட பணம்

தெருவில் அவருக்குக் கிளட்ச் அக்கா என்றுதான் பெயர். கணவர் போன பிறகு ஒற்றைக் காரை வைத்து டிரைவிங் ஸ்கூல் நடத்தி, தொண்டை கிழிய "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்திக் கத்தியே மகளைப் படிக்க வைத்தவர்.

மகளுக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதாக வங்கிக் கணக்கில் காட்டினால்தான் விசா. அக்காவின் சேமிப்பு பாதிக்குத்தான் வந்தது. மீதியை அக்காவின் அண்ணன் போட்டார்.

"சும்மா காட்டத்தான். விசா வந்ததும் திருப்பிடணும். உங்க அண்ணிக்குத் தெரியவே கூடாது."

"யார் கேட்டாலும் உங்க சேமிப்புன்னே சொல்லுங்க" என்று விசா ஏஜெண்டும் சொல்லிவைத்தார்.

ஒரு நாள் பாடம் நடக்கும்போது தூதரகத்திலிருந்து போன் வந்தது. காரை ஓரங்கட்டச் சொல்லி அக்கா எடுத்தார்.

"உங்க கணக்குல ஒரே தடவையா பெரிய தொகை வந்திருக்கேம்மா. யாரோட பணம்?"

சொல்லிக்கொடுத்த பொய் அக்காவின் வாயில் வரவில்லை.

"எங்க அண்ணனோடது சார்."

"அப்போ படிப்புக்குத்தான் கொடுக்கிறேன்னு அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். இல்லன்னா அதைச் சேர்த்துக்க முடியாது."

விஷயம் தெரிந்ததும் மகள் அழுதாள். "ஏம்மா உளறினே?"

அக்கா அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"கையெழுத்தா? விளையாடுறியா? பணத்தைத் திரும்ப எடுக்கவே முடியாதே. அவளுக்குத் தெரிஞ்சா..."

"தெரிஞ்சா என்ன?"

ஈரக்கையோடு அண்ணி வாசலில் நின்றிருந்தார். அக்கா எழுந்து நின்று, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் தரையையே பார்த்தார்.

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மாடி கட்ட வெச்ச பணம்" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா கடிச்சா தின்னுடுவேன்?"

"அண்ணி, நாளைக்கே எடுத்துக் கொடுத்துடுறேன்."

"நீ சும்மா இரு. காட்டுறதுக்குக் கொடுக்கிறதெல்லாம் ஒரு உதவியா? அவ படிச்சு முடிச்சு சம்பாதிச்சுத் தரட்டும். மாடி எங்கேயும் ஓடிடாது." பிறகு கணவரிடம், "போடுங்க கையெழுத்தை. பேனா வேணுமா?"

விசா வந்தது. மகள் புறப்பட்டுப் போனாள். அண்ணி மட்டும் ஒரு மாதம் வரை அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.