நிமிடத்துக்கு நூறு

சரஸ்வதி பூஜை வரைக்கும் எங்கள் கருவி நிமிடத்துக்கு நூறு எண்ணியது. பத்து கூடும், பத்து குறையும், அது இயல்பு. பூஜை விடுமுறை கழிந்து திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பார்த்தால் நூற்றெழுபத்து மூன்று. டைரியில் குறித்துவிட்டு, மறுபடி எண்ணினேன். நூற்றெழுபத்தாறு.

ஒத்தக்கடை தாண்டி ஒரு கல்லூரியில் நான் அப்போது இயற்பியல் லேப் உதவியாளர். வயது நாற்பத்திரண்டு. வானத்திலிருந்து ஓயாமல் இறங்கும் மியூவான் என்ற துகள்களை எண்ணுவது எங்கள் மேடத்தின் ஆராய்ச்சி. பலகை போன்ற மூன்று பிளாஸ்டிக் தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, இடைவெளி விட்டு. துகள் பாய்ந்தால் தட்டு மினுங்கும்; அதன் ஓரத்தில் இருக்கும் கண்ணாடிக் குழாய் அந்த மினுங்கலைக் கண்டு ஒரு துடிப்பு அனுப்பும். வெளி வெளிச்சம் புகாதபடி தட்டுகளைக் கறுப்புத் தாளில் சுற்றியிருந்தோம். ஒரு தட்டு மட்டும் துடித்தால் அதை நம்பக் கூடாது. மூன்றும் ஒரே சமயத்தில் துடித்தால்தான் துகள் வந்து போனதாகக் கணக்கு. அதைத் தேர்ந்தெடுக்கும் சுற்றை டவுனில் ரேடியோ பழுதுபார்க்கும் பாய்தான், மேடம் வரைந்து கொடுத்தபடி, பற்றவைத்துக் கட்டினார்.

தட்டுகள் எங்களுடையவை அல்ல. பம்பாயில் ஓர் ஆய்வகம் கொடுத்தவை. அடுத்த திங்கட்கிழமை அவர்களுடைய ஆள் வருவார். தேர்வுச் சுற்று சரியாக ஓடினால் தட்டுகள் இங்கே தங்கும். இல்லாவிட்டால் கழற்றி எடுத்துப் போய்விடுவார். மேடத்தின் நான்கு வருட உழைப்பு அத்தோடு நின்றுவிடும்.

"கரண்டுதாண்ணே கோளாறு. காலையில சுத்துப்பட்டு பம்புசெட்டு அம்புட்டும் ஓடுது. வோல்டேஜ் ஆடாம என்ன செய்யும்?" என்றார் பாய். ஆனாலும் செவ்வாய் சாயங்காலம் உட்கார்ந்து டிரான்சிஸ்டர் எல்லாவற்றையும் மாற்றினார். புதன்கிழமை பத்து மணிக்கு நூற்றிரண்டு! வடை வாங்கிவரச் செய்து கொண்டாடினோம்.

வியாழக்கிழமை மறுபடி நூற்றெழுபது.

"தின்ன வடையத் திருப்பிக் கேக்காதீங்க" என்றார் பாய். யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மேடம் சொன்னார்: "அண்ணே, பூஜை நாள்லருந்து உங்க டைரியைப் படிங்க. ஒரு வரியும் விடாம."

படித்தேன். "சரஸ்வதி பூஜை. தட்டுகளுக்குச் சந்தனம், குங்குமம். பாய் இரண்டு முறை பொரி வாங்கினார். மேல்தட்டில் மாலை கோணல். இரண்டு குண்டூசி குத்தி நேராக்கினேன்." அடுத்து, மாலையை எடுத்தது, ஊசிகளைக் கழற்றி டப்பாவில் போட்டது. அடுத்து, "புதன். காலை முழுதும் மூட்டம். வெயிலே இல்லை."

டைரியை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன்.

மணி பத்தே கால். கிழக்கு ஜன்னல் வெயில் மேல்தட்டின் மீது பளீரென்று விழுந்துகொண்டிருந்தது. ஆணியில் மாட்டியிருந்த என் குடையை எடுத்து, விரித்து, தட்டுக்கு நேரே பிடித்தேன். மேடம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். தொண்ணூற்றெட்டு. குடையை விலக்கினேன். நூற்றெழுபத்தொன்று. மறுபடி பிடித்தேன். நூற்று மூன்று.

"மாலை அம்புட்டு நேரா இருக்கணுமாண்ணே?" என்றார் பாய். "நான் பாட்டுக்கு ஒரு சாயங்காலம் பூரா நல்ல டிரான்சிஸ்டரையெல்லாம் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்திருக்கேன்!"

மேடம் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். கறுப்புத் தாளில் குண்டூசிகள் போட்ட ஓட்டைகள் வழியே வெயில் புகுந்து, மேல்தட்டு ஓயாமல் துடித்திருக்கிறது. கீழே இரண்டும் சேர்ந்து துடிக்கும் போதெல்லாம், மேல்தட்டைத் தொடாமல் சாய்வாகப் போன துகளானாலும், அதுவும் கூடச் சேர்ந்துகொண்டிருக்கிறது. சுற்று அதன் வேலையைப் பிசகாமல் செய்திருக்கிறது. ஓட்டைகள் இரண்டின் மேலும் கறுப்பு டேப்பை இரண்டு சுற்று ஒட்டினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் லேபைத் திறந்து, மணிக்கு ஒரு தடவை எண்ணினோம். வெயில், நிழல் எதிலும் நூற்றை விட்டு நகரவில்லை.

திங்கட்கிழமை பம்பாய்க்காரர் வந்தார். தமிழர்தான், அதிகம் பேசாதவர். மேல்தட்டின் வயரை உருவினார். எண்ணுவது நின்றுபோனது. மாட்டினார், ஓடியது. நடுத்தட்டு, கீழ்த்தட்டு, அதே போல. பிறகு டேப்பைத் தொட்டு, "இது என்ன?" என்றார்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் டைரியைத் திறந்து அவர் முன் வைத்தேன். குண்டூசி வரியையும் குடைக் கணக்கையும் நிதானமாக இரண்டு தடவை படித்தார்.

"குண்டூசி ஓட்டையைக் கண்டுபிடிச்ச ஆளுங்க கிட்ட நான் என்னத்தைக் கழட்டிட்டுப் போறது?" என்று பேனாவை எடுத்தார். "தட்டு மூணும் இங்கயே இருக்கட்டும்."

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து அன்றைய பக்கத்தை எழுதினேன். பத்து மணி, நூற்றொன்று. தட்டுகள் நமக்கே. அடுத்த வருடப் பூஜைக்கு மாலையை மேஜைக் காலில்தான் கட்டினோம். கட்டியவர் பாய். நன்றாகவே கோணியிருந்தது. நான் தொடவில்லை.