ஒரே கொடிக்கம்பம், இரண்டு மாநிலக் குழுக்கள்

சிறிய கம்யூனிஸ்ட் கட்சியின் முழுநேர ஊழியனுக்கு இரண்டே வேலைகள்: பெரிய கட்சியிலிருந்து நாங்கள் ஏன் பிரிந்தோம் என்று விளக்குவது, எங்களிடமிருந்து மற்றவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று விளக்குவது. குடியிருப்போர் சங்கம் நடத்தி நொந்தவர்களுக்கு இதை நான் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

பக்க எண்ணுடன் விளக்கம்

தொண்ணூறுகளின் நடுவில் கட்சி மறுபடியும் உடைந்தது. நம் நாட்டுப் பெருமுதலாளிகள் அந்நியரின் தரகர்களா, சொந்தக் காலில் நிற்பவர்களா என்பது பிரச்சினை. கோவில்பட்டி அலுவலகத்திலிருந்து என்னை எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் எங்களுக்கு எஞ்சியிருந்த ஒரே கிளை அது. அதுவும் போனால் அந்தப் பக்கம் கட்சியே இல்லை. மேற்கோள்களைப் பக்க எண்ணுடன் சொன்னேன். எதிரணியோடு எந்த உறவும் கூடாது என்ற மாநிலக் குழுத் தீர்மானத்தையும் வாசித்தேன். கிளைச் செயலாளர் சுடலைமுத்து, ஆடு வளர்ப்பவர், பொறுமையாகக் கேட்டார். கிளையிலிருந்து எதிரணிக்குப் போயிருந்த வெள்ளைச்சாமி அவருடைய தங்கை கணவர்.

"தரகு கிடக்கட்டும் அண்ணாச்சி. எந் தங்கச்சி மகளுக்கு வைகாசியில சடங்கு. நான் தாய்மாமன். சீர் கொண்டு போகவா, வேண்டாமா? கட்சி அதைச் சொல்லட்டும்."

மே தின உரை

இரு அணிக்கும் ஒரே பெயர், ஒரே கொடி. ஊர் முக்கில் கம்பமும் ஒன்றுதான். முந்திக்கொள்வதற்காக மே தினத்தன்று விடியலிலேயே போனேன். கொடி ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. நம் ஆட்கள் ஏற்றியது என்று நம்பி, முஷ்டி உயர்த்தி வணக்கம் செலுத்தி, பிளவுவாதிகளைக் கிழித்து உரையாற்றினேன். டீக்கடை பெஞ்சிலிருந்து வெள்ளைச்சாமி எழுந்து வந்து கைகொடுத்தார்.

"நல்ல பேச்சு தோழர். நாங்க ஏத்துன கொடிக்கு எங்க ஆளுகளே இவ்வளவு மரியாதை செய்யல."

பந்தலில் கிளைக் கூட்டம்

சடங்கன்று சுடலைமுத்து சீர்த்தட்டோடு மேளம் முழங்கப் போனார். பின்னால் கிளை முழுவதும் போனது. அவரை நீக்கிவிட்டு, கிளையை மட்டும் காப்பாற்றும்படி எனக்கு உத்தரவு. பந்தலில் எதிரணியின் மாவட்டச் செயலாளர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கிளையைக் கூட்டுங்கள் என்று இருவருமே கேட்டோம். கூட்டினார்கள், எதிரணிக்குப் போனவர்களையும் சேர்த்தே. வெள்ளைச்சாமி முன்மொழிய, சுடலைமுத்து வழிமொழிய, இரண்டு மாநிலக் குழுக்களையும் கட்சியிலிருந்து நீக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கிளைக்கு அந்த அதிகாரம் இல்லை என்றேன், விதி எண்ணோடு.

சுடலைமுத்து என் தோளில் கைபோட்டுப் பந்திக்கு அழைத்துப் போனார். "கிளை உடையல அண்ணாச்சி. நீங்க ரெண்டு கூட்டமும்தான் எங்களை விட்டுப் பிரிஞ்சு போயிட்டீங்க. பாயசம் குடிச்சிட்டுப் போங்க."

பிற்பாடு கட்சி வரலாறு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, ஓட்டப்பிடாரம் வட்டாரத்தைப் பிளவு பாதிக்கவில்லை என்று எழுதினேன். பாதிக்கப்பட அங்கே எங்களுக்கு ஆளே இல்லை என்பதை மட்டும் அடிக்குறிப்பில்கூடச் சேர்க்கவில்லை.