கல்லறை வயலில் வெந்நீர்த் தொட்டி

மென்னா ஜார்மன் என்று கேட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் யோசிப்பார்கள். மென்னா பஸ் என்று கேட்க வேண்டும். முப்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். தொழிலைப் பெயரோடு ஒட்டிவிடுவது வேல்ஸ்காரர்களின் வழக்கம். மருந்துக்கடை வைத்த பாவத்துக்கு நானும் இருபத்திரண்டு வருடமாக ராஜன் மாத்திரைதான்.

வருடா வருடம் பிள்ளைகளைக் கோட்டை பார்க்க ஏற்றிப் போவது மென்னாதான். கோட்டையைக் கட்டியது யார்? இந்த மண்ணை அடக்கிவைக்க வந்த இங்கிலாந்து அரசன். அதற்கு நுழைவுச்சீட்டு, வழிகாட்டி, தேநீர்க்கடை எல்லாம் உண்டு. அந்த ஆட்சியை எதிர்த்துச் செத்தவர்கள் கிடக்கும் வயலுக்கு ஒரு தகரப் பலகைகூடக் கிடையாது. மென்னா படித்த பள்ளியில் இங்கிலாந்து ராணிகளின் தலை போன கதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள், சொந்த ஊர் வயலில் நடந்த சண்டையைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஊருக்குக் கீழே ஓடையோரம் இருக்கிறது அந்த வயல். அறுநூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தை எதிர்த்து எழுந்த வேல்ஸ் தலைவன் ஓவைன் கிளிந்தூரின் கிளர்ச்சியில் அங்கே ஒரு காலைப்பொழுது முழுக்க வெட்டிக்கொண்டார்கள் என்பது ஊர்ப் பேச்சு. பெயர் கை பெதெ. வெல்ஷ் மொழியில் கை என்றால் வயல், பெதெ என்றால் கல்லறைகள். நம் 'அது'வில் வரும் அதே மெல்லிய ஒலிதான் அந்த நடு எழுத்துக்கு. ஏட்டில் பெதாய் என்று எழுதுவார்கள், எங்கள் பக்கத்து வாயில் பெதெ. நூற்றெண்பது வருடத்துக்கு முன் நிலவரைபடம் போட வந்த ஆங்கிலேய எழுத்தர் ஒருவர் அதைக் காதில் வாங்கி, குளிப்பதற்கான ஆங்கிலச் சொல்லான 'பேத்' என்று நினைத்து அப்படியே எழுதிவிட்டுப் போய்விட்டார். கல்லறை வயல் குளியல் வயலானது. ஊரில் ஒருவரும் வரைபடம் பார்த்து வயலுக்குப் போகாததால் அது யாருக்கும் உறைக்கவில்லை.

போன வருடம் விடுமுறைக் குடில் கட்டும் நிறுவனம் ஒன்று வந்து உறைக்க வைத்தது. இருபத்திரண்டு மரக்குடில்கள், ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு வெந்நீர்த் தொட்டி. வரலாற்று அறிக்கை வேண்டும் என்று கவுன்சில் கேட்டதற்கு நகரத்திலிருந்து ஓர் ஆய்வாளரைப் பிடித்தார்கள். அவர் எழுதினார்: பெயரைப் பார்த்தால் இங்கே ஆடுகளைக் குளிப்பாட்டியிருக்க வேண்டும், எலும்புகள் கிடைத்ததாகப் பதிவில்லை, போருக்கும் இந்த இடத்துக்கும் தொடர்பில்லை.

பதிவு எப்படி இருக்கும்? மென்னாவின் அப்பா அங்கே உழுதபோது ஒரு தாடையெலும்பு வந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார், அதே இடத்தில் புதைத்தார், அந்த மூலையில் அதன்பின் ஏர் வைக்கவே இல்லை. அருங்காட்சியகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் ஆதாரமாகியிருக்கும். செத்தவனுக்கு மரியாதை செய்ததால் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. போர்க்களங்களுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் ஏறினாலும் சட்டம் யார் கையையும் பிடித்துத் தடுக்காது. எங்கள் வயல் அதிலும் இல்லை.

கவுன்சில் கூட்டத்தில் மென்னாவுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். வெல்ஷில் பேசினார். மொழிபெயர்ப்பு கேட்கும் காதொலிக் கருவி எல்லார் முன்னாலும் இருந்தது. ஆய்வாளர் அதைத் தொடவே இல்லை, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுக்கு ஐந்து என்று குடில்கள் ஜெயித்தன. ஏழாவது கை கவுன்சிலர் இதெல் பிரீஸுடையது. மென்னாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர், பிறந்ததிலிருந்து பெதெ என்றே சொல்லி வளர்ந்தவர்.

வெளியே வந்ததும் மென்னா அவரை மறித்தார்.

"ஏன்டா இதெல், அந்த வயல் பேருக்கு அர்த்தம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மென்னா. ஆனா அறிக்கையில இல்லையே. நான் என்ன செய்ய?"

"உனக்கு வாய் இல்லையா? மத்த நாள்ல காது புளிக்கப் பேசுவியே."

"ஊருக்கு நாலு வேலை வருது, அதையும் பாரு."

"என்ன வேலை? தொட்டி கழுவுறதா? நம்மாளுங்க மண்டை மேல நின்னுக்கிட்டா?"

இதெல் சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவிக்கொண்டே நடந்துவிட்டார்.

கவுன்சில் ஒரே ஒரு நிபந்தனை போட்டது: வாசல் பலகையில் வெல்ஷ் பெயரும் இருக்க வேண்டும், அனுமதியில்லாமல் அதை மாற்றக்கூடாது. மொழியைக் காப்பாற்றிவிட்டார்களாம். ஆளைப் புதைத்த இடத்தைத் தோண்டக் கொடுத்துவிட்டு எழுத்துக்குக் காவல்.

குடில்களின் மேலாளர் கிராடக் இங்கிலாந்துக்காரர், நல்ல மனிதர்தான். பலகையின் மாதிரியோடு பேருந்து நிறுத்தத்துக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன். குளியல் வயல் என்ற ஆங்கிலத்தை யாரோ திரும்ப வெல்ஷுக்குப் புரட்டியிருந்தார்கள்.

"தப்பில்லாம இருக்கான்னு பார்த்துச் சொல்றீங்களாம்மா?"

மென்னா படித்தார். முகம் சிவந்தது. பேனாவை எடுத்து முழுவதையும் அடித்துவிட்டு கை பெதாய் என்று எழுதினார்.

"முழுக்கத் தப்புங்க. இதுதான் சரியான பேரு."

கிராடக் நன்றி சொல்லிவிட்டுப் போனார். கவுன்சிலுக்கும் அதையே அனுப்பி முத்திரை வாங்கிவிட்டார். வசந்த காலத்தில் சிலேட்டுக் கல்லில் பெரிய எழுத்தில் பலகை நின்றது. ஊரே அந்தப் பக்கமாக நடைபோய்ப் பார்த்துவிட்டு வாய்மூடிக்கொண்டது. ஜூனில் கார்மார்த்தன் பக்கத்து வெல்ஷ் குடும்பம் ஒன்று தங்க வந்தது. பலகையைப் படித்த தகப்பன் வண்டியை விட்டு இறங்காமலே திரும்பிப் போய்விட்டான். போகும்போது கிராடக்கிடம் காரணத்தையும் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை கிராடக் மூச்சிரைக்க வந்தார். "இப்படி ஏமாத்திட்டீங்களே."

"நான் யாரையும் ஏமாத்தல. சரியான பேரு கேட்டீங்க, எழுதிக் கொடுத்தேன். உங்க ஆய்வாளரு அன்னிக்கு அந்தக் கருவியைக் காதுல மாட்டியிருந்தா இது அப்பவே தெரிஞ்சிருக்கும்."

"பலகையை எடுத்தாகணும். ஆளுங்க வர மாட்டேங்கறாங்க."

"எடுங்களேன். கவுன்சிலுக்கு மனு போடணும், காரணமும் எழுதணும். இந்த வயலோட பேருக்குக் கல்லறைகள்னு அர்த்தம், எங்க அறிக்கை தப்புன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் கேட்டதும் அதைத்தான்."

கிராடக் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார். குடில்கள் நிற்கின்றன, தொட்டிகளில் தண்ணீர் கொதிக்கிறது, பலகையும் நிற்கிறது. மென்னா வாரா வாரம் கவுன்சில் அலுவலகத்துக்குப் போய் மனு வந்ததா என்று கேட்டுவிட்டு வருகிறார். இன்னும் வரவில்லை.