ரஃபீக் காதிலிருந்த பென்சில்

ரஃபீக்கின் காதைக் கெடுத்தவன் நான்தான்.

அடித்துக் கெடுக்கவில்லை. ஒரே ஒரு பென்சில் கோடு... அது போதும்!

கடலூர் முதுநகரில் ஒரு வண்டிப் பட்டறை. நானும் அவனும் அங்கே மெக்கானிக்குகள். முதலாளியை இரண்டு பேருமே மாமா என்றுதான் கூப்பிடுவோம். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன். வாய் மட்டும் எம்.ஏ. ரஃபீக் பரங்கிப்பேட்டைக்காரன். சின்ன வயதில் சீழ் வடிந்து வலது காது போய்விட்டது. அந்தக் காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பான். கேட்காத காது பென்சில் வைக்கத்தான் லாயக்கு என்று தினமும் ஓட்டுவேன். அவனும் சிரிப்பான்.

ஆனால் அந்த இடது காது இருக்கிறதே... அது காது இல்லை, வரம்!

பெட்ரோல் வண்டி விக்கி விக்கி ஓடினால் 'மிஸ்ஸிங்' என்போம். நாலு சிலிண்டரில் ஒன்று வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம். எங்களிடம் மெஷின் எதுவும் கிடையாது. இஞ்சினை ஓடவிட்டு, பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டுவோம். பிடுங்கியதும் சத்தம் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. சத்தம் மாறவே இல்லையா? அதுதான் திருடன். ரஃபீக் இடது காதைச் சாய்த்தால் முதல் சுற்றிலேயே திருடனைக் காட்டிவிடுவான். நான் மூன்று சுற்றுப் பிடுங்கியும் முழிப்பேன்.

2006 மழைக்காலம். மாமா சிதம்பரத்தில் இன்னொரு பட்டறை போடவிருந்தார். அது ரஃபீக்குக்கு என்று பேச்சு. அவனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். பட்டறை கைக்கு வந்ததும் நிக்காஹ்.

அப்போதுதான் சேத்தியாத்தோப்பு வேன் ஒன்று மிஸ்ஸிங் என்று வந்தது. ரஃபீக் தொழப் போயிருந்தான். தொழப் போகும்போது மட்டும் பென்சிலை எடுத்து பெஞ்சில் வைப்பான். வேனைத் திறந்தேன். ஒரு ஒயர் தளர்ந்திருந்தது. அழுத்தினேன், சரியாகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம்... விட்டேனா?

நாலு பிளக்குக்கும் கரண்டைப் பங்கு போடுவது டிஸ்ட்ரிபியூட்டர். பென்சில் கோடு கரி அல்லவா? கரண்ட் அதன் வழியே தாவும். அந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே மூன்றாவது முனைக்கும் நாலாவது முனைக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து மாட்டிவிட்டேன். அவனுடைய பென்சிலாலேயே!

சும்மா விளையாட்டுக்கு... கொஞ்ச நேரம் அலையவிட்டுச் சிரிக்கலாம் என்று. அப்படித்தான் நினைத்தேனா? அப்படித்தான் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேன் விக்கியது. தொழுதுவிட்டு வந்த ரஃபீக் காதைச் சாய்த்தான். ஒரு சுற்றில் மூன்றாவது என்றான். மறு சுற்றில் நாலாவது என்றான். பிளக் மாற்றினான், ஒயர் மாற்றினான். மூடியைத் திறந்தும் பார்த்தான். கறுப்பு மூடியில் கறுப்புக் கோடு... மழை இருட்டில் எங்கே தெரியும்? நான் வாயைத் திறக்கப் போன நேரம் மாமா வந்து நின்றார். மூடிக்கொண்டேன். கடைசியில் வால்வு கோளாறு என்று முடிவுகட்டி, இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையே கழற்றிவிட்டான். உள்ளே எல்லாம் சுத்தம். ஒரு பழுதும் இல்லை.

வண்டிக்காரர் கத்தினார். மாமா கத்தவில்லை. "காத நம்பித் தொறந்துட்டியேடா" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் ஹெட்டைப் பூட்டும்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை என் பனியனில் துடைத்து மாட்டினேன். ஒரு விக்கல்கூட இல்லை! மூடிக்குள் ஈரம் இருந்தது என்று மாமாவிடம் அளந்துவிட்டேன்.

ரஃபீக் என் தோளைப் பிடித்தான். "எப்புட்றா புடிச்ச?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் நாக்கு இருக்கிறதே... "எனக்கு ரெண்டு காதும் கேக்குதுல்ல மச்சான்."

அன்று அவன் சிரிக்கவில்லை.

சிதம்பரம் பட்டறை எனக்கு வந்தது. பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். அவன் சவுதிக்குப் போய் ஏதோ கிடங்கில் பெட்டி தூக்குகிறான். இஞ்சின் பக்கமே போவதில்லையாம்.

போன மாதம் லீவில் வந்தவன், அண்ணன் காரை என் பட்டறைக்கு ஓட்டிவந்தான். மிஸ்ஸிங். "நீயே கேட்டுச் சொல்லு மச்சான், என் காதுக்குப் புடிபடாது" என்று தள்ளி நின்றுகொண்டான்.

ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கினேன். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. இரண்டாவதைப் பிடுங்கும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் இடது காது தானாகச் சாய்ந்தது... சட்டென்று தலையை நிமிர்த்திக்கொண்டான். தப்புச் செய்து மாட்டிக்கொண்டவன்போல! அவனா தப்புச் செய்தவன்?

"ரெண்டாவதுதானே?" என்றேன்.

"எனக்கென்னடா தெரியும். நீ சொன்னா சரிதான்."

இரண்டாவது பிளக்கை மாற்றினேன். வண்டி சரியாகிவிட்டது. உங்களிடம் இவ்வளவு பேசுகிற இந்த வாய், அவன் முன்னால் திறக்கவில்லை.

கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "என்னடா, கேக்குற காதுல பென்சில் வெச்சிருக்க?"

தடவிப் பார்த்தேன். ஆமாம்... எப்போதிருந்து இந்தப் பழக்கம் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவன் போய்விட்டான். பென்சில் இங்கேயேதான் இருக்கிறது.